51 கிலோ கோபம்

பாக்ஸிங்கைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்யதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பி.காம். வாழ்க்கையில் நான் ஓங்கிக் குத்திய ஒரே வஸ்து ரப்பர் ஸ்டாம்ப். ஆனாலும் ஒரு தகுதி உண்டு. கல்யாணத்தன்று என் எடை 51 கிலோ. பெண் வீட்டார் கவலைப்பட்டு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார்கள். பாக்ஸிங்கில் இந்த எடைக்கு 'ஃப்ளைவெயிட்' என்று கௌரவமான பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஃப்ளை என்றால் ஈ. ஆக, சர்வதேச விதிகளின்படி நானும் ஒரு காலத்தில் ஈயாக இருந்தவன். (இப்போதைய எடை இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.)

போன மாதம் ஒரு காலை. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின். மாதம் இரண்டு தடவை பத்திரிகை ஆபீஸ்களில் தலையைக் காட்டுவதற்காக நான் ஏறும் வண்டி. ஜன்னலோர ஸீட் கிடைத்த சந்தோஷத்தில் காலை நீட்டினேன். எதிர் ஸீட்டில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். மடியில் டிபன் பை, நெற்றியில் விபூதி. நிமிர்ந்து பார்த்தால்... நகரித் தம்பி!

ஐந்து வருஷத்துக்கு மேலாக நான் தவிர்த்து வந்த முகம். எழுந்து வேறு பெட்டிக்குப் போகலாம். ஜன்னல் ஸீட்டை விட மனசு வரவில்லை.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"ம்."

வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினோம். பிறகு அவன் செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டான்.

"அண்ணா, நீங்க எல்லாத்தைப் பத்தியும் எழுதறீங்க. ஒண்ணு சொல்லுங்க. 2010 மேரி கோமும் 2022 நிகத் ஜரீனும் ஒரே ரிங்குல ஏறினா யார் ஜெயிப்பாங்க?"

சுரீர் என்றது. கேள்வி பாக்ஸிங்கைப் பற்றியது அல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உங்களுக்குப் புரிய வேண்டுமானால் 2019-க்குப் போக வேண்டும்.

* * *

அப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். எட்டு வருஷ ஸர்வீஸ். நகரித் தம்பி சேர்ந்து இரண்டு வருஷம்தான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து டூவீலரில் திருத்தணி வந்து, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு என்னோடு ரயில் ஏறுவான். பாதி தமிழ், பாதி தெலுங்கு. என் டிபன் பாக்ஸில் அவன் கை, அவனுடைய கோங்கூரா பச்சடியில் என் கை என்று சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை.

சீஃப் அக்கவுன்டன்ட் ரிடையர் ஆனார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்பதில் ஆபீஸ் பூனைக்குக்கூட சந்தேகம் கிடையாது. மீட்டிங்கில் முதலாளி, "இவர்தானே சீனியர்? இவரையே போட்டுடலாம்" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். குனிந்த தலை நிமிர்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாமே?"

நகரித் தம்பி!

டெல்லியிலும் அதே சமயம் இதே கூத்துதான். 2019 அக்டோபரில், உலக சாம்பியன்ஷிப்பில், 51 கிலோ பிரிவில் மேரி கோம் வெண்கலம் வாங்கியிருந்தார். ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அவரை ட்ரயல் இல்லாமலே அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. ஆறு தடவை உலக சாம்பியன், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். அவருக்கா டெஸ்ட்? தெலங்கானாவில் நிஜாமாபாத்தைச் சேர்ந்த 23 வயசுப் பெண் நிகத் ஜரீன், விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குக் கடிதம் எழுதினார். எனக்குச் சலுகை வேண்டாம், ஒரு ட்ரயல் வையுங்கள் என்று. 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நீச்சல்காரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றுத்தானே போனார் என்றும் கேட்டிருந்தார்.

பேப்பரில் அதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் என்ற மரியாதை... இத்யாதி, இத்யாதி. (எனக்கு அப்போது முப்பதுதான் தாண்டியிருந்தது.)

எங்கள் டெஸ்ட் டிசம்பர் நடுவில் நடந்தது. 3 மணி நேரம். பேங்க் ரீகன்சிலியேஷன், ஜி.எஸ்.டி. ஒப்பீடு, கடைசியாக 18,000 ரூபாய் உதைக்கிற ஒரு கணக்கு. தம்பி கம்ப்யூட்டரில் மின்னலாகத் தேடினான். நான் தேடவே இல்லை. எங்கள் கம்பெனிக்கு ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு சப்ளையர்கள் உண்டு. இவர் பில்லை அவர் லெட்ஜரில் ஏற்றி வைப்பது அங்கே பரம்பரை வழக்கம். நேராக அங்கே போய்ப் பிடித்தேன். எட்டு வருஷ அனுபவம், ஸார்! ஜெயித்தேன்.

தம்பி எழுந்து வந்து கையை நீட்டினான். "கங்கிராட்ஸ்ணா."

நான் மேஜை மேலிருந்த டீ டம்ளரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன். அவன் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, தலையைச் சொறியப் போய்விட்டது.

டிசம்பர் 28. டெல்லி ட்ரயலில் மேரிக்கும் நிகத்துக்கும் மோதல். 10 நடுவர்களில் 9 பேர் மேரிக்கு, ஒருவர் நிகத்துக்கு. 9-1. முடிந்ததும் மேரி கை குலுக்கவில்லை. நான் ஏன் அவருக்குக் கை கொடுக்க வேண்டும், மரியாதை வேண்டுமென்றால் முதலில் மரியாதை கொடுக்கட்டும் என்கிற மாதிரி நிருபர்களிடம் பொரிந்தார். அதைப் பார்த்து வீட்டில் கை தட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆறு தடவை உலக சாம்பியனே என் டீ டம்ளருக்கு ஸர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்!

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 31. எங்கள் ஊரில் படித் திருவிழா. மலைக்கு 365 படி. படிக்குப் படி சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து உட்கார்ந்த இடம் இது. தணிகை என்ற பெயரே அதனால்தான் என்பார்கள். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே கிடையாது. புஷ்பாஞ்சலியோடு சரி. சாமியே சண்டையை விட்டுவிட்ட ஊர்.

அந்த ஊர்க்காரன் நான் படி ஏறுகிறேன். கோபம் ஒரு படிகூட இறங்கவில்லை. நூறாவது படி வாக்கில் தம்பி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். "அண்ணா..." என்று கூப்பிட்டது நன்றாகவே காதில் விழுந்தது. பஜனைச் சத்தத்தில் கேட்காத மாதிரி ஏறிவிட்டேன். ஜனவரியிலிருந்து ரயிலில் வேறு பெட்டி.

2020 மார்ச். ஊரடங்கு. ரயில் நின்றது, வியாபாரம் நின்றது. ஆள் குறைக்கும்போது சம்பளம் அதிகமான தலைதான் முதலில் உருளும் என்பது காஸ்ட் அக்கவுன்டிங்கின் பாலபாடம். உருண்டது என் தலை. அந்த நாற்காலியில் நகரித் தம்பி உட்கார்ந்தான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

* * *

"என்னண்ணா, பதிலே காணோம்?" அரக்கோணம் தாண்டியிருந்தது.

எதையாவது சொல்லி மழுப்பலாம் என்று ஆரம்பித்தேன். "இது கம்ப்யூட்டரே முழிச்ச விஷயம்ப்பா. 1969-ல முகமது அலியையும் ராக்கி மார்சியானோவையும் வெச்சு ஒரு படம் எடுத்தாங்க. மார்சியானோ ரிடையர் ஆகி 13 வருஷம் ஆச்சு. ரெண்டு பேரோட புள்ளிவிவரத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு முடிவு கேட்டாங்க. 1970 ஜனவரியில அமெரிக்கத் தியேட்டர்ல காட்டினப்போ, 13-வது ரவுண்டுல மார்சியானோ நாக்-அவுட்ல ஜெயிச்சார். ஐரோப்பாவுல காட்டின இன்னொரு முடிவுல அலி ஜெயிச்சார்!"

"படம் எந்த ஊர்ல ஓடுதோ அந்த ஊருக்குத் தகுந்த தீர்ப்பா?"

"அதேதான். இதுல சோகம் என்னன்னா, படம் வர்றதுக்கு முன்னாடியே மார்சியானோ விமான விபத்துல போயிட்டார். தான் ஜெயிச்சது அவருக்குத் தெரியவே தெரியாது."

திருவாலங்காடு ஸ்டேஷன் வந்தது. இங்கேதான் சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. சரிசமமாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், கீழே விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டினாராம் சிவன். பெண்ணான காளி அப்படிக் காலைத் தூக்கி ஆடக் கூசி நின்றுவிட, சிவன் ஜெயித்ததாகக் கதை.

"அந்த ஒரு ஸ்டெப் இல்லேன்னா காளிதாண்ணா ஜெயிச்சிருப்பா" என்றான் தம்பி.

"ரூல்தாம்ப்பா பாதி சண்டை" என்றேன். அப்புறம் என்னையறியாமல் விஷயத்துக்குள் இறங்கிவிட்டேன். இத்தனை வருஷமாக இந்த இரண்டு பெண்களைப் பற்றி ஒரு வரி விடாமல் படித்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியாதே!

2010-ல் பார்படாஸில் மேரி தன் ஐந்தாவது உலகத் தங்கம் வாங்கியபோது கம்ப்யூட்டர் ஸ்கோரிங். குத்து சுத்தமாக விழுந்ததென்று தோன்றினால் நடுவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். குத்து பலமா, லேசா என்பது கணக்கில்லை. பட்டன் விழுந்தால் பாயின்ட். பெண்களுக்கு 2 நிமிஷ ரவுண்டு, நான்கு. இடது கைக்காரரான மேரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. சட்டென்று உள்ளே புகுந்து, இரண்டு போட்டு, எதிராளி திரும்புவதற்குள் வெளியே வந்துவிடுவார்.

பிறகு 10 பாயின்ட் முறை வந்தது. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது இன்னும் குறைவு. 2017-லிருந்து பெண்களுக்கும் 3 நிமிஷ ரவுண்டு, மூன்று. மூன்று நிமிஷமும் புகுந்து புகுந்து ஓட முடியாது. நடுவில் நின்று அடித்து, ரவுண்டைத் தன்னுடையதாக்குகிறவருக்கு லாபம். அது நிகத்தின் காலம்.

"அடுத்தது வெயிட்டு" என்றேன். "மேரியோட ஆறு உலகத் தங்கமும் 45, 46, 48 கிலோவுல வந்தது. 2012 லண்டன்ல பெண்கள் பாக்ஸிங்கை முதல் தடவையா சேர்த்தப்போ 51, 60, 75னு மூணே பிரிவு. வேற வழியில்லாம மேரி 51-க்கு ஏறினாங்க. அரையிறுதியில நிக்கோலா ஆடம்ஸ்கிட்ட தோத்து வெண்கலம். ஆடம்ஸ்தான் தங்கம் வாங்கினவங்க. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுல அதே 51-ல மேரிக்குத் தங்கம். நிகத் நேர் எதிர். 2022 இஸ்தான்புல்ல 52 கிலோவுல உலக சாம்பியன். பாரிஸ் ஒலிம்பிக்குல 50னு மாத்தினதால கீழே இறங்கினாங்க. மேரி கீழேர்ந்து ஏறி வர்றாங்க, நிகத் மேலேர்ந்து இறங்கி வர்றாங்க. சந்திக்கிற படி 51!"

"48-ல வெச்சா மேரி, 52-ல வெச்சா நிகத்?"

"அதுல சந்தேகமே இல்லை. 51-லதான் தகராறு. தவிர, இந்த மாதிரி ரெண்டு பேர் சம வயசுல சந்திக்கறதே அபூர்வம். 1916-லேர்ந்து ஃப்ளைவெயிட் உலக சாம்பியன் ஜிம்மி வைல்ட். 1923-ல நியூயார்க்குல பிலிப்பைன்ஸ் பையன் பாஞ்சோ வில்லாவோட மோதினார். வைல்டுக்கு 31 வயசு, ரெண்டு வருஷமா ரிங்குப் பக்கமே போகலை. வில்லாவுக்கு 21. ஏழாவது ரவுண்டுல வைல்ட் காலி. ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. ஆனா நல்ல வயசு வைல்டும் வில்லாவும் மோதினா யாருங்கற கேள்வி அப்படியே நிக்குது."

சரி, இப்போது நிகத்துக்காகக் கொடி பிடிப்பான், ஒரு வாங்கு வாங்கலாம் என்று காத்திருந்தேன்.

"மேரிதாண்ணா" என்றான்.

"எ... என்னது?"

"35 வயசு தாண்டின மேரி, 23 வயசு நிகத்தை 9-1னு ஜெயிச்சாங்க. அதே வருஷம் மே மாசம் குவாஹாத்தியிலயும் ஜெயிச்சாங்க. வயசான மேரியே அப்படின்னா, 2010 மேரி? 2007-ல ரெட்டைக் குழந்தை பெத்துட்டு, அடுத்த வருஷமே சீனாவுல போய் உலகத் தங்கம் எடுத்த பொம்பளைண்ணா அது. அந்தக் கால் வேகத்தை யார் புடிக்கிறது? 3-2. மேரி."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "போப்பா! 2019-ல தோத்த நிகத் வேற, 2022 நிகத் வேற. இஸ்தான்புல் ஃபைனல்ல தாய்லாந்துப் பொண்ணை 5-0. அதே வருஷம் பர்மிங்ஹாம்ல காமன்வெல்த் தங்கம். 2023 டெல்லியில வியட்நாம் பொண்ணை 5-0, ரெண்டாவது உலகத் தங்கம். மேரியை விட உயரம். மேரி உள்ளே புகுறப்போ நிகத்தோட நேர் வலது காத்துக்கிட்டிருக்கும். இடது கைக்காரங்களுக்கு மருந்தே அதுதான். ஒவ்வொரு ரவுண்டுலயும் கடைசி ஒரு நிமிஷம் நிகத்தோடது. 3-2. நிகத்!"

"பாரிஸ்ல என்ன ஆச்சு? சீனாவோட வு யூகிட்ட 0-5."

"அந்த வு யூதான் தங்கமே வாங்கினது! மேரி மட்டும் டோக்கியோவுல? கொலம்பியாவோட இங்ரிட் வலென்சியாகிட்ட தோக்கலை?"

பக்கத்து ஸீட்டுப் பெரியவர் பேப்பரை இறக்கினார். "யாருப்பா அது, உங்க ஊர்ப் பொண்ணுங்களா?"

சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நான் அவன் கட்சியைப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவன் என் கட்சியை!

கடம்பத்தூர் தாண்டி தம்பி மெதுவாகச் சொன்னான். "அந்த டெஸ்ட் அன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டு போட்டேண்ணா. எந்த சப்ளையர் பில்லு எந்த லெட்ஜருக்கு வழி மாறிப் போகும், எந்த பேங்க் எப்போ என்ன சார்ஜ் புடிக்கும்... உங்க தலைக்குள்ள இருந்ததெல்லாம். ஒரு வருஷம் எழுதினேன். நான் ஜெயிச்சிருந்தா அதை எழுதியிருக்க மாட்டேன். அந்த நோட்டை வெச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டறேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். தோற்காமலே இருந்திருந்தால் 2022 நிகத் என்று ஒருவர் உண்டா என்ற கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இந்தக் கற்பனைப் போட்டியில் மேரியை எதிர்த்து ரிங்கில் ஏறுகிறவரைத் தயார் செய்ததில் மேரிக்கும் பாதிப் பங்கு இருக்கிறது. அதை எந்தக் கம்ப்யூட்டரில் போடுவது?

"இப்ப எதுக்கு திடீர்னு இந்தக் கேள்வி?" என்றேன்.

"எனக்குக் கீழே ஒரு பையன் இருக்கான்ணா. புதுசா மேனேஜர் போஸ்ட் ஒண்ணு வருது. எனக்குத்தான்னு சொன்னாங்க. அவன் எந்திரிச்சு, 'சார், டெஸ்ட் வைங்க'ன்னுட்டான்." டிபன் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். "ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை. எத்தனை கோபம் வருதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்க ஏன் டம்ளரைப் புடிச்சீங்கன்னு அப்பதான் புரிஞ்சுது."

"டெஸ்ட் எப்போ?"

"இன்னிக்கு. பத்தரைக்கு."

பேசின் பிரிட்ஜில் வழக்கம் போல வண்டி நின்றது. ரயில்வே கொடுக்கும் இந்த ஓசி அவகாசத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விஷயங்களைப் பேசி முடித்திருப்பார்கள். நானும் பேசினேன்.

"மேரி கை கொடுக்காததைத்தான் எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க. 2022-ல நிகத் ஜெயிச்சப்போ, பெருமையா இருக்குன்னு மேரியே வாழ்த்து போட்டாங்க. அப்புறம் மேரியோட சேர்ந்து எடுத்துக்கிட்ட போட்டோவை நிகத் வெளியிட்டாங்க. அதே ஜூன் மாசம் ஒரு ட்ரயல்ல முதல் ரவுண்டுலயே முழங்கால் போய் மேரி விலகிட்டாங்க. நல்ல வேளை, அதுக்கு முன்னாடியே ராசியாயிட்டாங்க. அவங்களுக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு. நமக்கு..."

"அஞ்சுக்கு மேல ஆச்சுண்ணா."

இஸ்தான்புல் செய்தி வந்த அன்று அவன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையை நீட்டினேன்.

அவன் உடனே பிடிக்கவில்லை. என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். "டம்ளர் ஏதும் கொண்டு வரலையே?"

"படவா!"

பிடித்தான். ஃப்ளைவெயிட் பிடி இல்லை. எலும்பு நொறுங்கியது.

அன்று ராத்திரி திருத்தணி திரும்பி, சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன். "அண்ணா, டெஸ்ட் முடிஞ்சுது. கை கொடுத்துட்டேன்." பின்னால் ரயில் சத்தம். கட்டாகிவிட்டது.

"யார் ஜெயிச்சாங்களாம்?" என்றாள் என் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அடடா! அதைக் கேட்கவே மறந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை.

அது தெரிகிற வரைக்கும் மேரி-நிகத் தீர்ப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 51 கிலோ, 3 நிமிஷ ரவுண்டு, 3-2, நிகத். மூக்கு நுனி வித்தியாசத்தில். பழைய பட்டன் முறையென்றால் மேரி. மறுத்துக் கடிதம் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். நகரித் தம்பியின் கடிதத்துக்கு முன்னுரிமை உண்டு.